கழற்றிப் பார்க்காத பிரேக்

“அண்ணே, பிரேக் சரியாப் பிடிக்க மாட்டேங்குது” என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். மெக்கானிக் குனிந்து, பின்சக்கரத்தை ஒட்டிப் பிரேக் கம்பியின் முனையில் இருக்கும் நட்டை நாலு சுற்றுத் திருகுகிறார். பெடலைக் கையால் அழுத்திப் பார்க்கிறார். “இப்ப ஓட்டிப் பாருங்க.” பிரேக் பிடிக்கிறது. இரண்டு நிமிட வேலை. பல நேரம் காசுகூட வாங்குவதில்லை. நாமும் நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறோம்.

என் பைக்குக்கு இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் வைத்தியம் நடந்தது. ஒரு மழை நாள் மாலையில், சிக்னலில் நின்றிருந்த சரக்கு ஆட்டோவின் பின்பக்கத்தில் போய் இடித்தேன். பெடலை முழுதாக மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போனது. முழங்காலில் சிராய்ப்பு, உடைந்த ஹெட்லைட் என்ற அளவோடு தப்பினேன். மறுநாள் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, டிரம்மை உரசி வண்டியை நிறுத்தும் லைனர் காகிதக் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் ஷூவின் அலுமினியமே டிரம்மை உரசத் தொடங்கியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் ஒருவர்கூட அந்தச் சக்கரத்தைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை.

இறுக்குவது ஒரு வேலை, பராமரிப்பது வேறொரு வேலை. நம் தெருக்களில் இரண்டுக்கும் ‘பிரேக் வேலை’ என்ற ஒரே பெயர்தான். சைக்கிள், பைக், கார் மூன்றிலும் பிரேக்கை ஏன் கழற்ற வேண்டும், எப்படிக் கழற்றுகிறார்கள், உள்ளே எதைப் பார்க்க வேண்டும், யார் செய்யலாம், அதில் உள்ள ஆபத்து என்ன என்பவற்றை ஒருசேர எடுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வேகம் சூடாக மாறும் இடம்

ஓடும் வண்டியின் ஆற்றல் பிரேக் பிடித்ததும் மறைந்துவிடுவதில்லை. லைனர் உரசும் இடத்தில் அது சூடாக மாறிக் காற்றில் கலக்கிறது. 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதில் ஏறத்தாழ 2,47,000 ஜூல் ஆற்றல் இருக்கும். அந்தக் காரை ஒரே ஒரு முறை நிறுத்தும்போது பிறக்கும் சூடு, குடத்திலிருந்து எடுத்த முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 40-இல் போகும்போது நன்றாகப் பிடிக்கிற பிரேக் 80-இல் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

மலைப்பாதையில் கணக்கு இன்னும் கடுமையானது. அதே கார் 1000 மீட்டர் உயரத்திலிருந்து எஞ்சினின் துணை இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், 80 கி.மீ. வேகத்திலிருந்து ஏறத்தாழ 40 முறை அடுத்தடுத்து நிறுத்தியதற்குச் சமமான சூட்டைப் பிரேக் தாங்கியாக வேண்டும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்கச் சொல்வது இந்தச் சூட்டில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான்.

பிரேக்குக்கு வரும் கோளாறுகளை நான்காகப் பிரிக்கலாம். ஒன்று, தேய்வது. இரண்டு, எண்ணெயோ தூசியோ படிந்து வழுக்குவது. மூன்று, அசைய வேண்டிய பாகம் துருவேறிச் சிக்கிக்கொள்வது. நான்கு, சூட்டில் பிடிமானம் குறைவது. நட்டை இறுக்கினால் இந்த நான்கில் முதலாவதன் அறிகுறி மட்டும் மறையும். மற்ற மூன்றையும் இறுக்குதல் தொடுவதே இல்லை.

பழைய பூட்ஸிலிருந்து பாடிவரை

குதிரை வண்டிக் காலத்தில் சக்கரத்தின் மேல் மரக்கட்டையை அழுத்துவதுதான் பிரேக். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் வண்டிக்காரர்கள் அந்தக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை ஆணியடித்து ஓட்டியதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃபுரூட், உரசுவதற்கென்றே தனிப் பொருளைச் செய்ய முனைந்தார். 1897-இல் அவர் தொடங்கிய தொழில் பின்னாளில் ஃபெரோடோ ஆயிற்று. 1902-இல் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்கு வடிவம் கொடுத்தார். அதே ஆண்டு பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். டிஸ்க் பரவலாகக் கார்களுக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் லெ மான் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1969-இல் ஹோண்டா சிபி 750 முன்சக்கர டிஸ்க்கைப் பெருமளவில் விற்ற பைக்குக்குக் கொண்டுவந்தது.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. 1964-இல் ரானே பிரேக் லைனிங், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று அடுத்தடுத்து நிறுவனங்கள் எழுந்தன. நாடெங்கும் ஓடும் வண்டிகளுக்கு லைனிங் வார்க்கும் கைகள் இங்கேயே இருக்கின்றன. அந்த லைனிங் தேய்ந்துவிட்டதா என்று திறந்து பார்க்கும் பழக்கமும் இங்கே வேரூன்ற வேண்டும்.

சைக்கிள்: எல்லாம் கண்ணெதிரே

மூன்றிலும் எளியது சைக்கிள். மூடிய பாகம் ஏதுமில்லை. பழைய கறுப்புச் சைக்கிளில் ஹேண்டில்பாரிலிருந்து சக்கரம்வரை இரும்புக் கம்பிகள்தான் போகும். கைப்பிடியை அழுத்தினால் லாட வடிவ வளையம் மேலே ஏறி, அதன் இரு முனைகளிலும் உள்ள பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தைக் கவ்வும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் இந்தக் கட்டைகளுக்குப் பிடிமானம் மிகக் குறைவு. முதல் சில சுற்றுகள் தண்ணீரை வழித்தெறிவதிலேயே போய்விடும்.

1990-களில் பரவிய வி-பிரேக்கில் வேலை இன்னும் சுலபம். இரு கைகளையும் ஒருசேர நெருக்கிப் பிடித்து, கேபிள் நுழையும் வளைந்த குழாயை அதன் பள்ளத்திலிருந்து விடுவித்தால் பிரேக் அகன்றுவிடும், சக்கரத்தை எடுத்துவிடலாம். கட்டையைக் கழற்ற 5 மி.மீ. எல் கீ போதும். கழற்றியதும் கட்டையின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மின்னும் சிறு துணுக்குகள் பதிந்திருந்தால் அவை ரிம்மிலிருந்து வழிக்கப்பட்ட அலுமினியம். ஊசிமுனையால் அவற்றைக் கிளறி எடுத்து, முகத்தை உப்புத்தாளில் நாலு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு பிடிப்பும் ரிம்மை அறுக்கும். கட்டையில் உள்ள கோடுகள் மறைந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

திரும்ப மாட்டும்போது கட்டை டயரில் படவே கூடாது, ரிம்மின் விளிம்புக்குக் கீழேயும் நழுவக் கூடாது. முன்முனை ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடும்படி வைத்தால் கீச்சொலி வராது. சக்கரத்தில் கோட்டம் இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். வளைந்த ரிம்முக்குப் பிரேக்கைச் சரிசெய்ய முடியாது. கேபிள் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் முழுக் கேபிளையும் மாற்றிவிடுவதே நல்லது. அறுந்தால் அது அவசரமாக அழுத்தும் நேரத்தில்தான் அறும்.

முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயந்து அதைக் கழற்றிப் போட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குத்தான் போகிறது. பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் நிற்கும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. குழந்தைகளின் சைக்கிளிலாவது முன்பிரேக்கை உயிரோடு வைத்து, இரண்டையும் சேர்த்து மெல்லப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டிரம் பிரேக்: ஒளித்து வைக்கப்பட்ட தேய்மானம்

இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பைக்குகளின் பின்சக்கரத்தில் இருப்பது டிரம்தான். பெடலை மிதித்தால் கம்பி இழுபடும். கம்பி ஆர்மை இழுக்கும். ஆர்ம் கேம் தண்டைத் திருப்பும். கேம் திரும்பியதும் இரண்டு ஷூக்களும் அகன்று டிரம்மின் உட்சுவரில் அழுந்தும்.

லைனர் தேயத் தேய ஷூ அதிகம் அகல வேண்டியிருக்கும். அதற்காகக் கேம் அதிகம் திரும்பும். அதற்காகத்தான் நட்டை இறுக்குகிறோம். கம்பியும் ஆர்மும் செங்கோணத்துக்குள் இருக்கும்வரை காலின் விசை முழுதாகப் போய்ச் சேரும். அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் விசை வீணாகும். இதைத் தெரிவிக்கவே பல வண்டிகளில் ஆர்மில் ஓர் அம்புக்குறியும், பிரேக் பிளேட்டில் ஒரு கோடும் வைத்திருக்கிறார்கள். பெடலை முழுக்க மிதிக்கும்போது அம்பு அந்தக் கோட்டைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து நம் காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்தக் குறியைப் பலர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

என் வண்டியில் அந்த அம்பும் பயன்படவில்லை. ஆர்மையும் தண்டையும் சரியாகப் பொருத்துவதற்காக இரண்டிலும் ஒரு புள்ளி குத்தியிருப்பார்கள். என் ஆர்ம் அந்தப் புள்ளியிலிருந்து ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. நட்டில் இறுக்க இடமில்லாமல் போனபோது யாரோ செய்த வேலை அது. ஆர்மைக் கழற்றி ஒரு பல் பின்னுக்கு மாட்டினால் மீண்டும் இறுக்க இடம் கிடைக்கும், பெடலும் மேலே வந்துவிடும். தேய்ந்த லைனர் மட்டும் அப்படியே இருக்கும். ஷூவின் முனையில் தகடு வைத்துக் கொடுப்பதும் இதே வகை. எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டு ஓட்டும் வேலைகள் இவை.

முறையாகக் கழற்றுவது பெரிய வித்தையல்ல. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக் கம்பியின் நட்டை எடுத்து, பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் டார்க் ராடின் போல்ட்டை விடுவிக்க வேண்டும். அச்சின் நட்டைக் கழற்றி, அச்சைத் தட்டி உருவினால் சக்கரம் விடுபடும். விழும் காலர் எந்தப் பக்கத்தது என்று அப்போதே பார்த்து வைக்க வேண்டும். பிளேட்டைத் தூக்கினால் ஷூக்கள் கையில். இரண்டையும் புத்தகம் மூடுவதுபோல் நடுவே மடக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து வெளியே வந்துவிடும்.

பார்க்க வேண்டியவை நான்கு. லைனரின் கனம் முதலாவது. அதன் முகம் கண்ணாடிபோல் மினுமினுப்பாக இருக்கிறதா என்பது இரண்டாவது. இருந்தால் உப்புத்தாளில் தேய்த்து மினுமினுப்பை எடுக்கலாம். எண்ணெய்க் கறை மூன்றாவது. ஊறிய லைனரைக் கழுவிக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். டிரம்மின் உட்சுவர் நான்காவது. லைனர் மட்டுமா தேய்கிறது, டிரம்மும் தேய்கிறது. 130 மி.மீ. டிரம் 131-ஐத் தொட்டால் கழித்துவிட வேண்டும் என்பது பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு. எல்லை அளவு பெரும்பாலும் டிரம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கும்.

கேமைத் துடைத்துச் சுத்தம் செய்து, மண்டிப்போன பழைய கிரீஸை வழித்தெடுத்து, நகக்கண் அளவு புதிய கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். அதிகமானால் அது உருகி லைனருக்குத்தான் போகும். திரும்ப மாட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. அச்சின் நட்டை முழுதாக இறுக்குவதற்கு முன் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமாக நிலைபெறும். அந்த நிலையில் இறுக்கினால் பிரேக் ஒரு பக்கமாகத் தேயாது. பெடலுக்கு 20 முதல் 30 மி.மீ. தளர்வு விட்டு நட்டைச் சரிசெய்வதோடு வேலை முடியும். நட்டுக்கு வேலை கடைசியில்தான்.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டி பளபளக்க டீசலோ பழைய ஆயிலோ அடிக்கும் பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தத் துளிகள் பிரேக்கிலும் படிகின்றன. “சக்கரத்துப் பக்கம் அடிக்காதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

டிஸ்க்: தெரிவதாலேயே ஏமாறலாம்

டிஸ்க்கைக் கழற்றாமலே ஓரளவு பார்க்கலாம். சுழலும் டிஸ்க்கை இரு பேடுகளால் கவ்வும் காலிப்பரின் பின்புறம் டார்ச் அடித்தால் பேடின் கனம் தெரியும். நடுவில் உள்ள பள்ளம் மறைந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆனால் உள்பேடும் வெளிப்பேடும் ஒன்றுபோல் தேய்கின்றனவா என்பதைக் கழற்றித்தான் அறிய முடியும். ஒன்று கனமாகவும் மற்றது மெலிந்தும் இருந்தால், காலிப்பரை நகரவிடும் ‘பின்’ என்ற முளை துருவேறிச் சிக்கியிருக்கிறது என்று பொருள். பேடை மட்டும் மாற்றிவிட்டு அந்தப் பின்னைக் கவனிக்காமல் விட்டால் புதுப் பேடும் அதே கதியாகும்.

காலிப்பர் கழன்றிருக்கும்போது பிரேக்கை அழுத்தவே கூடாது. பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டுவிடும். பிஸ்டனைச் சுற்றிய அழுக்கைத் துடைக்காமல் உள்ளே தள்ளுவதும் தவறு. அழுக்கு சீலைக் கிழிக்கும். ஹைட்ராலிக் டிஸ்க் உள்ள சைக்கிளுக்கும் இவை பொருந்தும்.

2019 ஏப்ரலில் இந்தியாவில் விற்கப்படும் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. மற்றவற்றுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் போகும் சிபிஎஸ்ஸாவது இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. சிபிஎஸ் வண்டியில் ஒரு கேபிளை மட்டும் இறுக்கினால் இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான சமன் கெடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ். தேய்ந்த பேடுக்குப் பிடிமானம் தர அதனால் ஆகாது.

கார்: எடையும் ஒழுங்கும்

காரில் பிரேக்குக்கும் முன் கவனிக்க வேண்டியது காரின் எடை. சமதளத்தில் நிறுத்தி, கழற்றாத சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு, பிறகுதான் ஜாக்கி போட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் கையை நுழைக்கவே கூடாது.

முன்சக்கர டிஸ்க்கில் பெரும்பாலும் கீழ்ப்பக்கப் பின்னின் போல்ட்டை எடுத்துக் காலிப்பரை மேலே மடக்கினால் பேடுகள் வந்துவிடும். முழுதாகக் கழற்றினால் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ரப்பர் ஹோஸில் தொங்கவிட்டால் வெளியே தெரியாமல் உள்ளே முறியும். பேடு 3 மி.மீ. அளவுக்கு வந்தாலே மாற்றத்துக்குத் தயாராகிவிடலாம். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் டிஸ்க் சமமாக இல்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

பின்சக்கர டிரம்மில் கை பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். ஒட்டிக்கொண்டு வராத டிரம்மைச் சுத்தியலால் விளாச வேண்டியதில்லை. பல கார்களின் டிரம் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட்டுகளை மாற்றி மாற்றித் திருகினால் டிரம் தானாக நெம்பி வெளியே வரும். உள்ளே ஸ்பிரிங்குகளும் ஷூக்களும் அட்ஜஸ்டரும் நெருக்கமாக இருக்கும். பழகிய மெக்கானிக்குகள் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிப்பதில்லை. ஒரு பக்கத்தைப் பிரிக்கும்போது மறுபக்கம் அப்படியே இருக்கும். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்ற சந்தேகம் வந்தால் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம். இன்று பிரிப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டால் அதே துணை கிடைக்கும்.

‘பிரேக் ஆயில்’ எண்ணெய் அல்ல

ஹைட்ராலிக் பிரேக்கில் காலின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு திரவம். நம் ஊரில் அதற்குப் பிரேக் ஆயில் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரே சில பேரை வழிதவற வைத்திருக்கிறது. கார்களிலும் பைக்குகளிலும் உள்ள டாட் 3, டாட் 4 வகைகள் எண்ணெயே அல்ல. மாஸ்டர் சிலிண்டரில் தவறி எஞ்சின் ஆயில் ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போகும். சில சைக்கிள்களில் இதற்கு நேர்மாறாக, மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அதில் டாட் திரவம் போனால் சீல் கெடும். மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் எதையும் ஊற்றக் கூடாது. டாட் திரவம் பெயின்டையும் அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் சிறுகச் சிறுக உள்ளே போகும். புதிய டாட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் 3.7 விழுக்காடு ஏறிவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இந்த அளவுகள் 230, 155. மலைப்பாதையில் காலிப்பர் சுட்டு, உள்ளே இருக்கும் திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஓரங்கட்டி ஆறவிட்டால் ஆவி மீண்டும் திரவமாகிப் பெடல் பழையபடி கெட்டியாகும். ஊர் திரும்பி மெக்கானிக்கிடம் காட்டும்போது, “பிரேக் நல்லாத்தானே இருக்கு” என்ற பதில்தான் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும்போது கோளாறு தெரியாது.

பல உற்பத்தியாளர்கள் சொல்வதுபோல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றிவிட்டால் இந்த ஆபத்து பெரும்பாலும் விலகும். மாற்றும்போது ஏர் எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரப் பக்கத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறக்கிறார். குமிழியோடு திரவம் குழாயில் வருகிறது. நிப்பிளை மூடிய பிறகே பெடலை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். திரவ டப்பாவில் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கரங்களின் வரிசைக்கு அந்தந்த வண்டியின் கையேடே சான்று. திறந்து பல மாதம் கிடந்த பாட்டிலை ஊற்றுவது புதுத் திரவம் ஊற்றியதாகாது.

தூசியும் மெக்கானிக்கின் மூச்சும்

டிரம்மைத் திறந்ததும் உள்ளே சாம்பல்போல் தூசி மண்டியிருக்கும். ஏர் ஹோஸால் ஊதிவிடுவதுதான் பட்டறை வழக்கம். வாயால் ஊதுபவர்களும் உண்டு. ஒரு காலத்தில் பிரேக் லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சேர்த்தார்கள். கல்நாரின் இழைகள் நுரையீரலில் தங்கி, 20, 30 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2005-க்குள் கல்நாருக்குத் தடை விதித்தது. அமெரிக்கா 2024-இல் வெண்கல்நாருக்குத் தடையாணை கொண்டுவந்தது. இந்தியாவில் அதன் இறக்குமதியும் பயன்பாடும் முழுமையாகத் தடை செய்யப்படவில்லை.

1995-இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைப் பணியில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க உத்தரவிட்டது. அந்தப் பாதுகாப்பு தொழிற்சாலைத் தொழிலாளிக்கு. மரத்தடிப் பட்டறையில் ஒரு நாளைக்குப் பல டிரம்களைத் திறக்கும் மெக்கானிக்கின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பெயர்பெற்ற நிறுவனங்கள் கல்நார் இல்லாத லைனிங்குக்கு மாறியிருக்கின்றன. கல்நார் இல்லை என்று அச்சிட்ட உறையைப் பார்த்து வாங்குவது நம் கையில் இருக்கிறது.

கல்நார் இல்லாத தூசியும் நல்லதல்ல. ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் புகைபோக்கியோடு நிற்காமல் பிரேக் தூசிக்கும் முதன்முறையாக வரம்பு வைத்திருக்கின்றன. பட்டறையில் தீர்வு எளியது. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். ஊதக் கூடாது. வீட்டில் செய்பவர்களும் குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு டிரம்மைத் திறக்கக் கூடாது.

எதற்குக் காசு கொடுக்கிறோம்?

யார் எதைச் செய்யலாம் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். சைக்கிள் பிரேக் முழுவதையும் பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம், செய்யப் பழக வேண்டும். பைக்கின் அம்புக்குறி, பேடின் கனம், திரவத்தின் அளவு மூன்றையும் மாதம் ஒருமுறை பார்ப்பது வண்டி வைத்திருப்பவரின் வேலை. திரவ அளவு குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புவதற்கு முன் பேடைப் பாருங்கள். பேடு தேயும்போது பிஸ்டன் வெளியே நகர்வதால்தான் அளவு இறங்குகிறது. தேயவில்லை என்றால் எங்கோ கசிகிறது. டிரம்மைத் திறப்பது, ஏர் எடுப்பது ஆகியவற்றை அருகில் நின்று கற்றுக்கொண்டவர் செய்யலாம். ஏபிஎஸ் கருவி, மாஸ்டர் சிலிண்டர், காரின் ஹைட்ராலிக் பகுதி ஆகியவை தேர்ந்த மெக்கானிக்குக்கு உரியவை.

திறமை நம் தெருப் பட்டறைகளில் நிறையவே இருக்கிறது. என் வண்டியின் ஆர்மை ஒரு பல் தள்ளி மாட்டியவருக்கும் கேம் எப்படி வேலை செய்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரால் அதைச் செய்ய முடியாது. குறை நாம் கொடுக்கும் கூலியில் இருக்கிறது. புதிய ஷூ மாற்றினால் ஷூவுக்குக் காசு கொடுக்கிறோம். நட்டை இறுக்கினால் ஒன்றும் கொடுப்பதில்லை. சக்கரத்தைக் கழற்றி, துடைத்து, பார்த்து, “இன்னும் நாளாகும், மாத்த வேண்டாம்” என்று சொல்லித் திரும்ப மாட்டியவருக்குக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. “ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?” என்று கேட்கிறோம். முக்கால் மணி நேரம் செலவழித்துக் கழற்றிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது இந்தக் கேள்வி என்றால், அடுத்த முறை அவர் நட்டை மட்டும்தான் திருகுவார். பார்ப்பதற்கு விலை இல்லாத இடத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே கழற்றிப் பார்ப்பதைத் தனி வேலையாக மதித்து, அதற்குத் தனிக் கூலி பேசுவோம். பைக்குக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் டிரம்மைத் திறக்கச் சொல்வோம். பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்போம். அந்த முக்கால் மணி நேரத்தின் கூலி ஒரு ஹெட்லைட்டின் விலையைவிடக் குறைவு என்பதை நான் ஹெட்லைட் வாங்கிய பிறகுதான் கணக்குப் போட்டேன்.

வேலை முடிந்து வண்டி கைக்கு வரும்போது ஒரு கடமை பாக்கி இருக்கிறது. புதுப் பேடு மாற்றிய காரில் பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போகும். ஆகவே நின்ற இடத்திலேயே, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிறகு வெறிச்சோடிய தெருவில் மெல்ல ஓட்டி, மிதமாகப் பிடித்துப் பிடித்துப் புதிய பேடைப் பழக்க வேண்டும். சாவியைத் திருப்புவதற்கு முன் கால் பெடலில் இருக்கட்டும்.